அலுமாரிக்குள்ள ஒரு கை

போன கிழமை கொக்குவில் மாமி வீட்டுக்கு வந்தவ. அம்மாவோட கனநேரம் கதைச்சுக்கொண்டு இருந்துபோட்டு, படுக்கை விரிப்பு எடுக்கிறன் எண்டு என்ர அறைக்குள்ள போய் அலுமாரியைத் திறந்திட்டா. அந்தச் சத்தத்துக்கு நான் முன்பக்கத்துப் பல்லுக் கட்டிற லாப்பில செய்துகொண்டிருந்த பல்லுச் செட்டை அப்பிடியே வச்சிட்டு ஓடி வந்தனான். உள்ளுக்குக் கண்ணாடி மூடி போட்ட பெட்டி, அதுக்குள்ள மூண்டு விரல், ஒவ்வொண்டும் ஒரு சாண் நீளம், கறுப்பும் பச்சையும் கலந்த தோல், நகம் காகத்தின்ர சொண்டு மாதிரி வளைஞ்சு. மாமி நெஞ்சில கையை வச்சுக்கொண்டு கேட்டவ, "என்ன தம்பி உது, ஆற்ற கை?"

இத்தனை வருசத்தில கன பேர் உதைப் பாத்திருக்கினம். என்ன விலை எண்டு கேப்பினம், பேய் எண்டு சொல்லுவினம், அம்மா உந்தச் சனியனை ஏன் வீட்டுக்க வச்சிருக்கிறாய் எண்டு கேப்பா. ஆற்ற கை எண்டு மாமிதான் முதல் முதல் கேட்டவ. நான் இவ்வளவு காலமும் தேடித் திரியிறதே அதைத்தான், அதான் இதை எழுதுறன்.

நான் சேக்கிறது பழைய சயன்ஸ் பிக்‌ஷன் பயப் படங்களில நடிச்ச ஜந்துக்களின்ர ஒரிஜினல் துண்டுகள். கடையில விக்கிற பொம்மை இல்லை. கம்ப்யூட்டரில கீறிப் போடுற காலத்துக்கு முந்தி, கையால செய்து, லைற்றுக்குக் கீழ நிண்டு, கமராவுக்கு முன்னால அசைஞ்ச சாமான். என்னட்ட இருக்கிறது மொத்தமா நாலே நாலு. ஒரு கை, ஒரு வால் நுனி, ரெண்டு பல்லு வரிசை. பெரிய படத்துச் சாமான் ஒண்டும் இல்லை, எண்பதுகளில நேரா வீடியோ கசற்றுக்கு எண்டே எடுத்த சின்னப் படங்களில இருந்து வந்தது.

இது துவங்கினது 93 இல. யாழ்ப்பாணத்தில கறண்ட் இல்லாத காலம், எனக்கு ஒன்பது வயசு. ஒழுங்கையில ஒரு வீட்டில ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டவை, மூண்டு தமிழ்ப் படம் முடிஞ்சு விடியப்புறம் கடைசியா ஒரு இங்கிலீஷ் படம், அது 1979 இல வந்த ஏலியன். பெடியள் எல்லாம் நித்திரை, முழிச்சிருந்த ஆக்களும் பாய்க்குள்ள முகத்தைப் புதைச்சுக்கொண்டு கிடந்தினம். கடைசியில அந்த ஜந்து கப்பல் கதவடியில முழுசாத் தெரியிற இடம் வரும். அப்ப சித்தப்பா என்ர நாடியைப் பிடிச்சு ரீவிப் பக்கம் திருப்பிப்போட்டு, "முழங்காலைப் பார், அது மனுசன்ர முழங்கால், உள்ளுக்க ஒரு ஆள் நிக்குது, பாவம் வேர்த்துக் கொட்டும்" எண்டவர். சித்தப்பா சைக்கிள் திருத்திற ஆள், எதைப் பாத்தாலும் உள்ளுக்க என்ன எண்டுதான் பாப்பார். அதோட பயம் போட்டுது. அந்த ஆள் ஆர் எண்டதுதான் மனசில நிண்டது.

அது கனகாலம் கழிச்சு இன்ரநெற் வந்தாப் பிறகுதான் தெரிஞ்சது. போலாஜி படேஜோ எண்டு நைஜீரியாப் பெடியன், லண்டனில கிராபிக் டிசைன் படிச்சுக்கொண்டிருந்தவர், உயரம் 2 மீற்றருக்கும் மேல. மெல்லிசா நெடுவலா ஒரு ஆளைத் தேடித் திரிஞ்ச படக்காரர் லண்டனில ஒரு பாரில கண்டு பிடிச்சவை. அசைவு மனுசன் மாதிரி இருக்கக் கூடாது எண்டு தாய்ச்சி எண்ட சீனத்து மெல்லசைவுப் பயிற்சியும், பேசாம நடிக்கிற மைமும் பழக்கினவை. ஆபத்தான சில இடங்களில ஸ்டண்ட் ஆக்கள் உடுப்பைப் போட்டவை, ஆனா அந்த ஜந்துவின்ர நடை இவற்ற நடைதான். அவர் நடிச்ச படம் அது ஒண்டுதான், 1992 இல நைஜீரியாவில செத்துப்போனார். உலகத்தில கோடிக்கணக்கான சனம் பாத்துப் பயந்த ஒரு உடம்பு, அந்த முகத்தை ஒருத்தரும் கண்டதில்லை. இதை நினைச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரி இருக்கும்.

உருவத்தைக் கீறினது சுவிஸ்காரர் ஹெச். ஆர். கீகர், 2014 இல காலமானவர், அவற்ற மியூசியம் அங்க குரூயேர் எண்ட ஊரில இருக்கு. அவர் படம் மட்டும் கீறிக் குடுத்திட்டுப் போகேல்ல, லண்டனுக்குப் பக்கத்தில ஷெப்பேர்ட்டன் ஸ்டூடியோவில நிண்டு பிளாஸ்டிசினிலயும் எலும்பிலயும் தானே கையால செய்தவர், முகத்தின்ர முன்பக்கத்துக்கு ஒரு உண்மையான மண்டையோட்டையே வச்சவர். தாடை திறக்கிற மெக்கானிசம் செய்தவர் இத்தாலிக்காரர் கார்லோ ரம்பால்டி. தாடையில இழுபடுற நரம்புகள் ஆணுறையைக் கிழிச்சுச் செய்தது, வாயில வடியிற வீணி ஆஸ்பத்திரியில பாவிக்கிற கே-வை ஜெலி. இதைச் சொன்னா சிலபேர் சீ எண்டு முகத்தைச் சுழிப்பினம். கடையில கிடைக்கிற இந்தச் சாமானை வச்சு உலகத்தில இல்லாத ஒண்டை உண்டாக்கின கைகளைத்தான் எனக்குக் கும்பிட வேணும் போல இருக்கும்.

என்ர தொழில் பல்லுக் கட்டிறது. அதால இந்தச் சாமான்களைக் கையில எடுத்தா எனக்கு வேற மாதிரித் தெரியும். முதல்ல நடிக்கிற ஆளின்ர முகத்தை, கையை அச்செடுக்கிறது அல்ஜினேற்றில, நாங்கள் வாயில வச்சு அளவெடுக்கிற அதே பசைதான். அதில இருந்து பிளாஸ்ரரில ஒரு கை. அந்தப் பிளாஸ்ரர் கைக்கு மேல களிமண்ணால ஜந்துவின்ர தோலைச் செய்து, திரும்பியும் பிளாஸ்ரரில ரெண்டு பாதியா அச்செடுத்து, களிமண்ணைச் சுரண்டி எடுத்தா நடுவில ஒரு வெளி கிடைக்கும். அந்த வெளிக்குள்ளதான் ரப்பர் போகுது. ரப்பர் பாலை கேக்குக்கு முட்டை அடிக்கிற மாதிரி மிக்சரில நுரைக்க அடிச்சு, கந்தகமும் உறைய வைக்கிற மருந்தும் சேத்து, அச்சுக்குள்ள ஊத்தி, அவணில நூறு டிகிரிக்கு உள்பட்ட சூட்டில மணித்தியாலக் கணக்கா வேக விடோணும். நுரை உறைய முந்தி ஊத்தி முடிக்கோணும், ஒரு நிமிசம் பிந்தினாலும் எல்லாம் குப்பை. பல்லும் நகமும் அக்ரிலிக்கில, நான் காலமை பின்னேரம் எண்டில்லாம உரஞ்சிற அதே அக்ரிலிக். என்னட்ட இருக்கிற ரெண்டு பல்லு வரிசையில ஒண்டில கடைவாய்ப் பக்கம் ஒரு காத்துக் குமிழி கிடக்கு. அவசரத்தில பவுடரும் அதுக்கு ஊத்திற திரவமும் சரியாக் கலக்காட்டி வாற குமிழி அது. செய்தவருக்கு அண்டைக்கு இரவு நேரம் இல்லாமப் போயிருக்கு எண்டு எனக்கு விளங்கும், எனக்கும் அப்பிடிக் கன இரவு போயிருக்கு.

1982 இல வந்த தி திங் படத்துக்கு ஜந்துக்களைச் செய்த ரொப் பொட்டினுக்கு வேலை துவங்கேக்க 22 வயசு. மயோனைசும் சூடாக்கின பபிள்கமும் கூட அதில பாவிச்சவர். ஸ்டூடியோவிலயே படுத்தெழும்பி, ஒரு வருசத்துக்கு மேல ஓய்வில்லாமச் செய்து, கடைசியில களைப்பில ஆஸ்பத்திரியில போய்க் கிடந்தவர். நாய்க்கூட்டுக்குள்ள வாற ஜந்துவை ஸ்டான் வின்ஸ்டன் எண்ட இன்னொரு ஜந்து செய்யிறவர் பொறுப்பெடுத்துச் செய்து குடுத்ததும் அதாலதான். அதே வின்ஸ்டன் 1986 இல ஏலியனின்ர ரெண்டாம் பாகமான ஏலியன்ஸ் படத்துக்கு 14 அடி உயர ராணி ஜந்துவைச் செய்தவர், உள்ளுக்க ரெண்டு பேர் இருந்து கையை ஆட்ட, மிச்சத்தைக் கம்பியும் ஹைட்ரோலிக்கும் ஆட்டினது. மற்ற ஜந்துக்கள் எல்லாம் கறுப்பு இறுக்க உடுப்பில நுரைத் துண்டுகளை ஒட்டி, டான்ஸ் ஆடுறவைக்கும் ஸ்டண்ட் ஆக்களுக்கும் போட்டது தான்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த சாமான் படம் முடிஞ்சவுடன என்ன ஆகும் எண்டா, குப்பை. களஞ்சிய வாடகை குடுக்க ஸ்டூடியோவுக்கு மனம் இல்லை, அடுத்த படத்துக்கு எண்டு பிரிச்சு எடுப்பினம், மிச்சத்தை எறிஞ்சுபோடுவினம். தப்பி இருக்கிறதில கனக்க, ஆரோ ஒரு விசரன் எடுத்து வச்சதாலதான் தப்பினது. லொஸ் ஏஞ்சல்சில ஃபொரஸ்ட் அக்கர்மன் எண்டு ஒருத்தர், தன்ர வீடு முழுக்க இப்பிடிச் சாமான் சேத்து வச்சு, சனிக்கிழமையில ஆர் வந்தாலும் காசு வாங்காமத் திறந்து காட்டினவர். 2008 இல அவர் செத்து, அடுத்த வருசமே மிச்சம் இருந்த சாமான் ஏலத்தில நாலா பக்கமும் போயிட்டுது. இன்னொருத்தர் பொப் பேர்ன்ஸ், 1933 இல வந்த கிங் கொங் படத்துக் குரங்குப் பொம்மையின்ர உலோக எலும்புக்கூடு ஒண்டை வச்சிருந்தவர். இன்னொரு எலும்புக்கூடு 2009 இல லண்டனில 121,250 பவுணுக்கு ஏலம் போனது. அதில தோலும் இல்லை, மயிரும் இல்லை. ரப்பர் முழுக்க உக்கி உதிர்ந்து, மூட்டு மூட்டா உலோகம் மட்டும்.

அந்த உக்கிறதுதான் இதில பெரிய துயரம். ரப்பர் பால் மரத்தில இருந்து வாறது, அதுக்கு ஒரு ஆயுள் இருக்கு. இந்த மரத்தின்ர விதையை 1876 இல ஹென்றி விக்ஹம் பிரேசிலில இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோக, அங்க முளைக்க வச்ச கண்டுகளைக் கப்பலில இலங்கைக்கு அனுப்பி, கம்பஹாவில ஹெனரத்கொடத் தோட்டத்தில நட்டவை. எங்கட யாழ்ப்பாண மண்ணில அது வளராது, மழை காணாது. நான் ஒருக்கா களுத்துறைப் பக்கம் கலியாணம் ஒண்டுக்குப் போகேக்க பஸ்ஸை விட்டு இறங்கி, சிரட்டையில சொட்டுச் சொட்டா விழுற பாலை நிண்டு பாத்தனான். ஹொலிவூட் ரப்பர் ஜந்துக்களின்ர தோல் துவங்கிறது இப்பிடி ஒரு சிரட்டையில. காத்தில இருக்கிற ஒட்சிசன், வெயில், வெக்கை, ஈரம், மனுசன்ர வேர்வை எல்லாம் ரப்பருக்கு எதிரி. செம்பு பட்டாக் கெதியாச் செத்துப்போகும். என்னட்ட இருக்கிற ஜந்துக் கையில மணிக்கட்டுக்குள்ள ஒரு செப்புக் கம்பி ஓடுது, பொருக்கு வெடிக்கத் துவங்கினது சரியா அந்தக் கோட்டிலதான். முதல்ல பிசுபிசுக்கும், பேந்து காஞ்சு இறுகும், கடைசியில பிஸ்கற் மாதிரி நொருங்கும்.

உப்புக் காத்தும் புழுக்கமும் உள்ள எங்கட ஊரில இதைக் காப்பாத்திறது லேசில்லை. சோளகம் வீசேக்க தூசி, வாடை துவங்கினா ஈரம். இருட்டு அறை, சின்ன ஏசி, ஈரத்தை உறிஞ்சிற சிலிக்கா ஜெல், பெட்டிக்குள்ள ஒட்சிசனை உறிஞ்சிற பைக்கற், அதை ரொரன்ரோவில இருக்கிற மச்சான் அனுப்பிறவன். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நிப்பாட்டேக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஏசி இல்லை, டீசல் இல்லை. காத்துப் போகாத பையில கையைப் போட்டு ஒட்டி, வீட்டில குளிர்ச்சியான இடம் எண்டு பழைய நெல்லுப் பெட்டிக்குள்ள வச்சு, ஒவ்வொரு இரவும் ரோர்ச் அடிச்சுப் பாத்தனான். மற்றச் சனம் காஸ் சிலிண்டருக்கு வரிசையில நிக்குது, நானும் பகலில நிண்டனான், ஆனா இரவில நினைப்பு இதிலதான்.

வேண்டுற கதைக்கு வாறன். நான் முதல் வேண்டினது கள்ளச் சாமான். ஒரு முகமூடித் துண்டு, நாலு மாசமாச் சேத்த காசு, விக்கிறவர் சேர்ட்டிபிக்கற்றும் வச்சுத்தான் அனுப்பினவர். வந்தாப் பிறகு, அதே அச்சில வந்த உண்மையான துண்டு வச்சிருக்கிற ஒருத்தரிட்ட அளவு கேட்டு, என்ர வேனியர் அளவுகோலை வச்சு அளந்தா, கன்னத்துக்குக் கன்னம் 11 மில்லிமீற்றர் குறைவு. ரப்பர் காயேக்க சுருங்கும், ஒரிஜினலுக்கு மேல திரும்ப அச்செடுத்து வார்த்தா அது இன்னும் சின்னனா வரும், தோலின்ர நுண் வரியும் மழுங்கிப் போகும். சேர்ட்டிபிக்கற்றை ஆரும் அடிக்கலாம், சுருக்கத்தை மறைக்கேலாது. இதில இறங்கிற தம்பிமாருக்கு நான் சொல்லுறது, கடதாசியை நம்பாதேங்கோ, அளவை நம்புங்கோ. பேந்து படத்தை ஒவ்வொரு பிரேமா நிப்பாட்டி, சாமானில இருக்கிற கீறல், பெயின்ற் சொட்டு, குமிழி ஓட்டை அதே இடத்தில தெரியுதோ எண்டு பாருங்கோ. ஸ்கிரீன் மேட்ச் எண்டு சொல்லுறது இதைத்தான். என்னட்ட இருக்கிற ஜந்துக் கையில ரெண்டு விரலுக்கு நடுவில மிளகளவு ஒரு பள்ளம் இருக்கு. படத்தில ஒரு ஜன்னல் கண்ணாடியில அந்தக் கை அமத்திப் பிடிக்கேக்க ஒரு செக்கனிலும் குறைவாத் தெரியும். அதைக் கண்ட இரவு நான் நித்திரை கொள்ளேல்ல.

அந்தக் கை கொழும்புக்கு வந்து ஒரு கஸ்ரம்ஸ் கவுன்டரில ரெண்டு கிழமை கிடந்தது. மிருகத்தின்ர உறுப்போ எண்டு கேட்டவை, இல்லை ரப்பர் எண்டு எழுதிக் குடுத்தனான். நான் போறதுக்கு முந்தி ஆரோ பிளேட்டால பெட்டியை ஆழமா வெட்டித் திறந்திருக்கினம், நடு விரலில ரெண்டு அங்குலத்துக்கு வெட்டு. முப்பது வருசத்துக்கு மேல ஒண்டும் ஆகாம இருந்த தோல். யாழ்ப்பாணம் வருமட்டும் பஸ்ஸில மடியில வச்சுக்கொண்டு வந்தனான், ஒருத்தரோடயும் கதைக்கேல்ல.

அந்த வெட்டை என்ன செய்யிறது எண்டு கேக்கத்தான் எங்கட கோயிலுக்கு வாகனம் செய்யிற ஆசாரி ஐயாவை வீட்டுக்குக் கூட்டி வந்தனான். எங்கட ஊரில ஜந்து செய்யிற கலை தெரிஞ்ச ஆக்கள் எண்டா அவைதான். சூரன் போருக்கு ஆனைமுகம், சிங்கமுகம் எண்டு தலை மாத்தி மாத்திச் சூரன் வாற அழகைப் பாத்து வளந்த பிள்ளைகள் நாங்கள், தோளில தூக்கிறவை சூரனைச் சரிச்சு உலுப்பேக்க மரத்துக்கு உயிர் வந்திடும். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையைத் தொடாமலே சுத்திச் சுத்திப் பாத்தவர். வடிவான வேலை எண்டார். பேந்து, "நிறம் மங்கிப் போச்சுத் தம்பி, வெட்டையும் அடைச்சு புதுசா அடிச்சு விடுவமே? சூரனுக்கு வருசா வருசம் நான்தானே அடிக்கிறன்" எண்டார்.

நான் வேண்டாம் எண்டன். இந்தப் பெயின்ற் அந்த இரவு அந்த ஆள் அடிச்ச பெயின்ற், அதுக்கு மேல ஒரு தூரிகை பட்டாலும் பேந்து அது எங்கட கை ஆகிடும். ஐயாவுக்குக் கோவம் வரும் எண்டு நினைச்சன். அவர் கொஞ்சநேரம் யோசிச்சுப்போட்டு, "ஓம், சூரன் ஒவ்வொரு வருசமும் சண்டைக்குப் போறவர், போறவருக்குப் புது உடுப்பு வேணும். உது சண்டை முடிஞ்சு வந்ததெல்லே" எண்டார்.

அதுக்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிய வேலை. கை தன்ர பாரத்தைத் தானே தாங்கினா உடையும், உள்ளுக்க ஒரு தாங்கு வேணும். மரம் வச்சா அதில இருந்து வாற அமில வாயு ரப்பருக்குக் கூடாது, ரெஜிபோமும் சரிவராது. ரீவிப் பெட்டிக்குள்ள வாற, அமத்தினா திரும்பி எழும்பிற வெள்ளைப் பொலித்தீன் ஃபோமைக் கொண்டுபோய்க் குடுத்தன். மணிக்கட்டால லைற் அடிச்சு உள்ளுக்குப் பாத்துப் பாத்து, மெல்லிய உளியாலயும் பிளேட்டாலயும் செதுக்கினவர். உள்ளுக்க துணி வச்சுத் தைச்சிருக்கு, துணியில மார்க்கரால எல் 3 எண்டு எழுத்து, உள்ளங்கை இருக்கிற இடத்தில வேர்வை ஊறிக் கறுத்த அடையாளம். மூண்டு விரலுக்குள்ள அஞ்சு விரல் போகோணும், அதால ரெண்டு ரெண்டு விரலாச் சோடி சேத்துப் பெருவிரலைத் தனியா விட்டிருக்கினம். முதல் செய்தது கொஞ்சம் பெருத்துப்போச்சு. அதைப் புறம்பா வச்சிட்டு ரெண்டாவது செய்தவர், அது சத்தமில்லாம வழுக்கி உள்ளுக்குப் போய் இருந்திட்டுது. வெட்டு தானாவே வாயை மூடினது, ஒட்டவும் இல்லை, அடைக்கவும் இல்லை.

மாமி கேட்டவுடன நான் லாப்புக்குப் போய், ஐயா முதல் செதுக்கின அந்த வெள்ளைக் கையை எடுத்து வந்து குடுத்தனான். "இந்த ஆளின்ர கை மாமி." அவ அதை வாங்கி, அந்தச் சோடி விரல்களுக்கு மேல தன்ர விரலை வச்சுப் பாத்தவ. பெரிய கை, எங்கட அப்பாவின்ர மாதிரி எண்டவ. அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தவ. குடிச்சு முடியுமட்டும் மாமி அதை மடியிலயே வச்சிருந்தவ.